செட்டிநாட்டு வெயிலில் ரீஃப் தொட்டி: எந்தக் கருவிக்கு முதலில் காசு?

பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிதான் ரீஃப் தொட்டி. அதற்கு அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்பவர் மனசு பெரும்பாலும் லைட்டில்தான் நிற்கும். நீல வெளிச்சத்தில் பவளம் மினுங்குவதைப் பார்த்தால் ஆசை வருவது நியாயம். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தொட்டி வைத்திருப்பவர் லைட்டிலிருந்து ஆரம்பித்தால் காசு கரைந்ததுதான் மிச்சம். இந்தச் சீமையில் பவளம் சாவது வெளிச்சம் போதாமல் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலாலும் ஆழ்குழாய்த் தண்ணீராலும்தான் சாகிறது. அதனால் சென்னைக்கோ பெங்களூருக்கோ சொல்லும் வரிசை இங்கே செல்லாது. முதலில் மின் பாதுகாப்பு, அடுத்து தண்ணீர், அடுத்து சூடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்குச் சொல்ல வசதியாக ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கீழே பம்பும் ஃபில்டரும் நிற்கும் சம்ப் எனும் துணைத் தொட்டி. கல், மணல் போக ஓடுகிற தண்ணீர் 250 லிட்டர். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு மூன்று சிறு மீன்கள், மென்பவளங்கள், சோவான்தஸ், மஷ்ரூம் எனும் பவள வகைகள். செட்டிநாட்டு வீடுகளில் பார்க்கக் கிடைக்கும் ரீஃப் தொட்டி ஏறக்குறைய இந்த அளவுதான்.

எர்த் இல்லாத வீட்டில் எதுவும் வேண்டாம்

பழைய வீடுகளில் பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தளமும் அப்படியே இருக்கும். வயரிங்கும் அப்படியே இருக்கும். மூன்று ஓட்டை பிளக் மாட்டியிருப்பார்கள், எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு பம்பின் உறை விரிசல் விட்டால் அடுத்து தொட்டிக்குள் கை விடுபவருக்கு ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியிலிருந்து தனிக் கம்பி இழுத்து, மின்கசிவு வந்ததும் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள். ஒன்றில்லை, இரண்டு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் லைட்டும் ஒன்றில், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பும் தொட்டிக்குள் ஓட்டம் கிளப்பும் வேவ்மேக்கரும் இன்னொன்றில். ஒரே ஆர்.சி.சி.பி. என்றால், ஆள் இல்லாத நேரத்தில் லைட்டில் சின்னக் கசிவு வந்தாலும் பம்புகளும் சேர்ந்து நின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்து மீன் செத்துக் கிடக்கும்.

ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து ஏற வேண்டும். வயர் வழியே வழியும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும், பிளக்கைத் தொடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். கேபினட்டின் பக்கச் சுவரில் உயரத்தில் திருகி வையுங்கள்.

தளத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் வார்த்தது, நீர் உறிஞ்சும். உப்புத் தண்ணீர் தொடர்ந்து சொட்டினால் வெள்ளை பூத்துவிடும். பம்ப் கழுவும் வினிகர் சிந்தினால் அந்த இடத்தில் பளபளப்பு போய்த் தடம் நிற்கும். எத்தனை முறை எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் திரும்பாது. ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு மடித்த ஒரு தட்டு போடுவது சின்னச் செலவு. ஸ்டாண்டுக்குப் புதுசாகச் செய்த மரச் சட்டம் நல்லது. முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய அலமாரி பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர், கல், கண்ணாடி சேர்ந்து 350 கிலோ அளவுக்கு வரும் பாரத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

தண்ணீர்

காரைக்குடிக் குழாயில் வரும் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க ருசியானது. அதையும் ரீஃபுக்கு நேரடியாக ஊற்றக் கூடாது. ஆழ்குழாய்த் தண்ணீரோ தெருவுக்குத் தெரு மாறும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி, முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரை அளந்து பாருங்கள். எந்த ஆர்.ஓ. வாங்குவது என்பதை அந்த எண்தான் முடிவு செய்யும்.

சமையலறை ஆர்.ஓ. போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. குடிக்க ருசி வேண்டும் என்பதற்காக அதில் டி.டி.எஸ். கண்ட்ரோலர் இருக்கும், மினரல் கேட்ரிட்ஜ் இருக்கும். வடித்த தண்ணீரில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் வெளியே விடும். ரீஃபுக்கு வேண்டியது சுழியம். சிலிக்காவும் பாஸ்பேட்டும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் மணல் மேல் பழுப்புப் படலம், பிறகு கல்லில் பாசி. அதைத் துடைக்க நத்தை வாங்குவார்கள், மருந்து வாங்குவார்கள். நோய் தண்ணீரில் இருக்கும்.

வாங்க வேண்டியது தனி ஆர்.ஓ./டி.ஐ.: 5 மைக்ரான் செடிமென்ட் ஃபில்டர், கார்பன் பிளாக், நாளுக்கு 75 கேலன் (75 ஜி.பி.டி.) வடிக்கும் மெம்பிரேன், அதற்குப் பிறகு மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் இரண்டு குப்பி வரிசையாக. ஒரு குப்பியோடு விற்பதை வாங்கினால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் இதுதான். நல்ல மெம்பிரேன் 97 சதவீதம் நிறுத்தும். 300 டி.டி.எஸ். தண்ணீர் என்றால் மிச்சம் 9. அதையே 1,000 டி.டி.எஸ். உள்ள ஆழ்குழாய்த் தண்ணீரில் ஓட்டினால் மிச்சம் 30. ரெசின் மூன்று மடங்கு வேகத்தில் தீரும். ரெசின் களைத்துப்போகும்போது முதலில் விட்டுக்கொடுப்பது சிலிக்காவைத்தான், மீட்டரில் அது சரியாகத் தெரியாது. இரண்டு குப்பி இருந்தால், முதல் குப்பிக்குப் பின் மீட்டர் 1 காட்டும் அன்று இரண்டாவதை முன்னுக்கு மாற்றி, புது ரெசினைப் பின்னால் வைக்கலாம்.

இன்னொரு ரெசின் திருடன் உண்டு. ஆர்.ஓ. நின்றிருக்கும் நேரத்தில் மெம்பிரேனின் இரு பக்கமும் உப்பு சமப்பட்டுவிடும். திறந்தவுடன் வரும் முதல் இரண்டு மூன்று நிமிடத் தண்ணீரில் டி.டி.எஸ். பல மடங்கு இருக்கும். மெம்பிரேனுக்கும் ரெசினுக்கும் நடுவே மூன்று வழி வால்வு ஒன்று போட்டு, அந்த முதல் தண்ணீரைக் கழிவில் விட்டுவிடுங்கள். தினமும் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று பிடிக்காமல், வாரத்துக்கு ஒரே தடவையாக 60 லிட்டர் பிடித்து வைப்பதும் இதே காரணத்துக்குத்தான்.

பூஸ்டர் பம்ப் இல்லாத ஆர்.ஓ. இங்கே ஓடாது. மெம்பிரேனுக்கு 50, 60 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டி குழாய்க்கு 10 அடி மேலே இருந்தால் கிடைப்பது 4 பி.எஸ்.ஐ. சொச்சம். வெளிநாட்டு வீடியோவில் குழாயில் மாட்டி அப்படியே ஓட விடுவதைப் பார்த்து அதே மாடலை வரவழைப்பவர்களுக்கு, ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குப் பத்து லிட்டர் கழிவு போகும். 24 வோல்ட் பூஸ்டர் பம்பும் கழிவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சரியான ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரும் போட்டால் ஒன்றுக்கு மூன்று. அந்தக் கழிவு முற்றம் கழுவ, பாத்ரூமுக்கு ஆகும். செடிக்கு வேண்டாம், உப்பு ஏறியிருக்கும்.

மழைத் தண்ணீர் பிடித்து வைக்கிற வீடுகள் இங்கே நிறைய. நாலு பக்க ஓட்டிலிருந்து முற்றத்தில் இறங்கும் அந்தத் தண்ணீரை ஆர்.ஓ.வுக்குள் விட்டால் ரெசின் நீண்ட நாள் வரும். ஆனால் பிளாஸ்டிக் டிரம்மில் மட்டும். முற்றத்தில் நிற்கும் பெரிய செம்பு அண்டாவிலோ பித்தளைக் குடத்திலோ ஒரு ராத்திரி வைத்தாலும் செம்பு இறங்கும். மீன் சிறிது தாங்கும்; இறால், நத்தை, பவளம் தாங்காது. தண்ணீர் வரும் வழியில் பித்தளை வால்வு, செம்பு நிப்பிள் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

தொண்டிக்குப் போய் கேனில் கடல் தண்ணீர் எடுத்து வருவது செலவில்லாத வழி என்று படும். பாக் விரிகுடாக் கரை ஆழமில்லாதது, சேறு கலங்கிய தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கரையோரம் உப்பு குறையும். கேனில் வரும் வழியிலேயே அதில் உள்ள நுண்ணுயிர்கள் செத்து அழுக ஆரம்பிக்கும். பாக்கெட் உப்புதான் வாங்க வேண்டும்: 25 லிட்டருக்கு ஏறக்குறைய 925 கிராம், பிராண்டுக்குப் பிராண்டு சிறிது மாறும். வாளியைத் திறந்துவிட்டுச் சரியாக மூடாமல் மழைக்காலத்தில் விட்டால் உப்பு ஈரம் இழுத்துக் கட்டியாகும், எடை போட்ட கணக்கு பொய்யாகும். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் சுழியம் வைத்தால் போதாது. 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) அளவுத் திரவம் ஒரு குப்பி வாங்கி அதில் சரிபாருங்கள்.

சூடு

இந்தப் பக்கத்து ரீஃப் தொட்டியின் தலைவிதி பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் எழுதப்படுகிறது. பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் திசுவுக்குள் வாழும் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். அதே நேரம் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும், மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

சில்லர் வாங்கும் முன் தொட்டிக்குள் சூட்டை ஏற்றுவது எது என்று பாருங்கள். 250 லிட்டரை 1 டிகிரி ஏற்ற 0.29 யூனிட் போதும். தண்ணீருக்குள் வீட்டுக் கரண்டில் நேராக ஓடும் 50 வாட் ஏ.சி. ரிட்டர்ன் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். அது முழுக்கச் சூடாக உள்ளேயே நின்றால் 4 டிகிரி. அதனால்தான் சில்லருக்கு முந்திய செலவு ரிட்டர்ன் பம்பை அடாப்டரில் ஓடும் டி.சி. ரகத்துக்கு மாற்றுவது. ஜெபாவ் டி.சி. பம்புகள் விலைக்கு நல்ல சரக்கு. சத்தம் குறைவு, வேகத்தைக் குறைத்து ஓட்டலாம், அதே வேலையை ஏறக்குறைய பாதி வாட்டில் முடிக்கும். உள்ளே சுழலும் இம்பெல்லர் செட் ஒன்று கூடவே வாங்கி வைத்துவிடுங்கள். மணிக்கு 1,500 லிட்டர் சம்ப் வழியே சுற்றினால் இந்தத் தொட்டிக்குத் தாராளம். அதற்கு மேல் ஓட்டினால் சம்பில் குமிழும் சத்தமும்தான் கூடும்.

அடுத்தது ஃபேன். கம்ப்யூட்டருக்குப் போடும் 12 செ.மீ. ஃபேன் இரண்டு, தண்ணீர்ப் பரப்பைச் சாய்வாகப் பார்த்தபடி. 1 லிட்டர் தண்ணீர் ஆவியானால் 0.67 யூனிட் சூட்டை எடுத்துப் போகும், அதாவது இந்தத் தொட்டியில் 2 டிகிரிக்கு மேல். வைகாசியில் வறண்ட காற்று அடிக்கும்போது இது பிரமாதமாக வேலை செய்யும். அறைச் சூட்டை விட நாலைந்து டிகிரி கீழே பிடித்து வைக்கும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் ஒன்றும் செய்யாது. நல்லவேளை, அப்போது வெயிலும் இல்லை. ஃபேனின் எல்லை எங்கே என்றால், அறை 36 டிகிரி இருக்கும் மத்தியானம் தொட்டி 31-இல் நிற்கும். மீன் பிழைக்கும், பவளம் வாடும். ஃபேன்கள் உப்புக் காற்றில் ஓராண்டு ஓடினால் அதிகம். இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உள்ள பழைய வீட்டின் உள்ளறையில் தொட்டி இருந்தால் பகலுக்கும் இரவுக்கும் இரண்டு மூன்று டிகிரிதான் வித்தியாசம் வரும், அங்கே பிப்ரவரி வரை ஃபேன் போதும். வளவில், முற்றத்து வெயில் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். காலை ஒரு மணி நேரம் நேர் வெயில் பட்டாலே கண்ணாடி பச்சை கட்டும். கான்கிரீட் தளம் போட்ட புது வீட்டின் மேல் மாடி என்றால் ஃபேன் பேச்சே வேண்டாம், நேராகச் சில்லர்.

சில்லரில் இங்கே எளிதில் கிடைப்பது ஹெய்லியா. ஹெச்.சி.-150ஏ 1/10 குதிரைத்திறன், ஹெச்.சி.-300ஏ 1/4, ஹெச்.சி.-500ஏ 1/2. பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கைப் பார்த்து 150ஏ போதும் என்று முடிவு செய்வதுதான் இந்த ஊரில் அதிகம் நடக்கும் தவறு. அறைச் சூட்டுக்கும் தொட்டிக்கும் இடையே 10 டிகிரி இருக்கும் மே மாத மத்தியானத்தில் சின்ன சில்லர் நிற்காமல் ஓடும். கம்ப்ரசருக்கு ஓய்வில்லை, கரண்டும் மிச்சமில்லை. 250 லிட்டருக்கு 300ஏ எடுங்கள். அது ஓடி, நின்று, ஓய்ந்து மறுபடி ஓடும். அப்படி ஓடுகிற சில்லர்தான் உழைக்கும். உள்ளே சுருள் டைட்டானியம் என்பதால் உப்புக்குப் பயமில்லை. கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் வகைக் குட்டிக் கூலர்களை 20, 30 லிட்டர் தொட்டிக்கு மேல் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

நடைமுறை இப்படி. கூரியரில் வந்த பெட்டி எந்தப் பக்கம் சாய்ந்து வந்ததோ தெரியாது. நிமிர்த்தி ஒரு நாள் விட்டுவிட்டு இயக்குங்கள், கம்ப்ரசர் எண்ணெய் அடியில் இறங்கட்டும். கேபினட்டுக்குள் அடைக்காதீர்கள். தன் சூட்டுக் காற்றையே தான் இழுத்து மூச்சு முட்டும். நான்கு பக்கமும் ஒரு அடி இடம், சூட்டுக் காற்று வெளியேறும் முகம் முற்றத்தையோ ஜன்னலையோ பார்த்தபடி. வழியிலேயே ஃபில்டர் பஞ்சில் வடிந்த தண்ணீரைத்தான் சில்லருக்குள் அனுப்ப வேண்டும், தகட்டில் எழுதியிருக்கும் ஓட்ட அளவுக்குள். வெப்பத்தை 26.5-இல் வையுங்கள். 25 வைத்தால் அழகு கூடப்போவதில்லை, ஓடும் நேரம்தான் கூடும். சுமார் 250 வாட் இழுக்கும் சில்லர் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 150 யூனிட் ஏறும். ஏற்கெனவே ஏ.சி. ஓடும் வீட்டில் இது ஸ்லாபையே தாண்டவைக்கும், அதையும் கணக்கில் எடுங்கள்.

சில்லர் பழுதென்று புலம்பும் பெரும்பாலான இடங்களில் பழுது பின்பக்கத் தகடுகளில் இருக்கும். கழற்றிப் பார்த்தால் கம்பளி போர்த்தியதுபோல் தூசி, அதில் உப்புப் பொரி. வாரம் ஒரு முறை பழைய பெயிண்ட் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏ.சி. போட்டதும் வோல்டேஜ் இறங்கும், அப்போது கம்ப்ரசர் முக்கி முக்கி நிற்கும். 3 நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர் சில்லருக்குக் கட்டாயம்.

சூட்டுக்குக் கடைசியாக ஒரு சின்னச் சாமான், விலைக்கு மேல் வேலை செய்வது: இங்க்பேர்ட் ஐ.டி.சி.-308 வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒரு பிளக் சூடேற்ற, ஒரு பிளக் குளிர்விக்க. ஃபேனை ஒன்றிலும் மார்கழிக்கு வைத்திருக்கும் 100 வாட் ஹீட்டரை இன்னொன்றிலும் மாட்டுங்கள். ஹீட்டரின் உள் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் சூடேற்றி ஒரே ராத்திரியில் தொட்டியை வேகவைப்பதை இது தடுக்கும். சென்சாரைச் சம்பில், எந்நேரமும் நீரில் மூழ்கும் இடத்தில் கட்டுங்கள். காற்றில் தொங்கினால் அறைச் சூட்டைப் படித்து ஃபேனை நிற்கவே விடாது.

கரண்ட் போகும் நாள்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் சாயங்காலம் வரும் நாள் எல்லோருக்கும் தெரியும். அன்று காக்க வேண்டியது முதலில் ஓட்டம். குளிர்ச்சி அப்புறம்தான். 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரியில் பாதுகாப்பாக எடுக்கக்கூடியது 1.2 யூனிட் அளவு. டி.சி. ரிட்டர்ன் 30 வாட், வேவ்மேக்கர் 15 வாட் என்றால் ஒரு நாள் முழுக்க ஓடும். சில்லரை அதில் மாட்டாதீர்கள். கிளம்பும்போது பல மடங்கு இழுத்து இன்வெர்ட்டரையே தூக்கிவிடும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் உறுமும், சூடாகும். டி.சி. பம்பின் அடாப்டருக்கு அந்தக் கஷ்டம் இல்லை. டி.சி.க்கு மாறச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

ஏ.டி.ஓ.

ஆவியான தண்ணீரைத் தானாக நிரப்பும் கருவி இது. ஃபேன் போட்ட வீட்டில் ஆடம்பரம் இல்லை. கோடையில் நாளுக்கு 4, 5 லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் 10 லிட்டர் குறைந்து உப்பு 35-இலிருந்து 36.5-க்குப் போயிருக்கும். அதற்கு முன்பே ரிட்டர்ன் அறை வற்றிப் பம்ப் காற்றை இழுத்துக் கத்தியிருக்கும்.

டன்ஸ் ஆஸ்மோலேட்டர் 3155-இல் ஒளி சென்சார், அதற்குத் துணையாக ஃப்ளோட், பம்ப் 10 நிமிடத்துக்கு மேல் ஓடினால் தானே நிறுத்தும் ஏற்பாடு எல்லாம் உண்டு. விலை உறுத்தும். ஆனால் அடிக்கடி வெளியூர் போகும் குடும்பத்துக்கு அதுதான் சரி. ஆட்டோஅக்வா ஸ்மார்ட் ஏ.டி.ஓ. மைக்ரோ சின்னது, மாட்ட எளிது, பட்ஜெட்டுக்கு அடங்கும். சென்சாரின் முகத்தில் பாசியோ நத்தையோ ஒட்டாமல் வாரம் ஒரு முறை விரலால் துடைக்க வேண்டும். வெறும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்றை மட்டும் நம்பும் மலிவு வகையை இந்த ஊருக்கு வாங்காதீர்கள். உப்புப் பொரி பிடித்துக் கீழேயே நின்றுவிட்டால், 25 லிட்டர் வாளி முழுக்க உள்ளே போய் உப்பு 32-க்கு அருகில் இறங்கும், தளமும் நனையும். எந்த மாடலானாலும் வாளியின் தண்ணீர் மட்டம் சம்பை விடத் தாழ்வாக இருக்கட்டும், குழாய் முனை சம்ப் தண்ணீரில் முங்காமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் பம்ப் நின்ற பிறகும் சைஃபன் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓட்டமும் நுரையும்

மென்பவளத்துக்கு மணிக்குத் தொட்டி அளவைப் போல் 20 மடங்கு ஓட்டம் போதும், அதாவது 5,000 லிட்டர். ஒரே பெரிய வேவ்மேக்கரை விடச் சின்னது இரண்டு, எதிரெதிர் முனையில், மாறி மாறி. நேராகப் பீய்ச்சும் ஓட்டத்தில் பவளத்தின் ஒரு பக்கம் கிழியும், மறுபக்கம் குப்பை தேங்கும். ஈக்கோடெக் வோர்டெக் எம்.பி.10-இல் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. சூடு உள்ளே வராது என்பதால் வெயில் ஊருக்குப் பொருத்தமான வடிவம். கையில் காசு இருந்தால் யோசிக்க வேண்டாம். ஆனால் ஆர்டர் போடும் முன் கண்ணாடித் தடிமனை அளந்து பாருங்கள். எம்.பி.10 ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் வரைதான். 12 மில்லிமீட்டரில் தொட்டி செய்திருந்தால் பிடிப்பு நிற்காது. ஜெபாவ் வேவ்மேக்கர் இரண்டும் சேர்ந்து அதில் ஒரு பங்கு விலைக்கு வரும், குறையொன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சுண்ணாம்பை எடுத்தால் போதும்.

நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கு பபிள் மேகஸ் கர்வ் 5 இந்த அளவுத் தொட்டிக்குச் சரியான தேர்வு. பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவை எந்த ஸ்கிம்மரிலும் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அது நிற்கும் சம்ப் அறையில் தண்ணீர் மட்டம் மாறக் கூடாது. 8 அங்குலத்தில் ஒரு தடுப்பு வைத்து ரிட்டர்ன் அறையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மட்டம் ஏறி இறங்கினால் இன்று காய்ந்த நுரை, நாளை கப் நிறைந்து வழியும். புதுசு என்றால் முதல் பத்து நாள் குமிழ் தறிகெட்டு வரும். உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

ஸ்கிம்மர் அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் அடிக்கிறது. சாம்பிராணி, ஊதுவத்தியோடு கொசுவத்தியும் லிக்விடும் எரியும் வீடு என்றால் அந்தப் புகையும் சேர்ந்து தொட்டிக்குள் போகும். கொசு விரட்டிகளில் இருக்கும் பைரித்ராய்டு இறாலுக்கும் நண்டுக்கும் நஞ்சு. ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் சிலிக்கான் டியூப் நீட்டி முற்றத்துப் பக்கம் விடுங்கள். முற்றம் வைத்த வீட்டுக்கு ரீஃப் வளர்ப்பில் கிடைக்கும் பெரிய வரம் அந்தக் காற்றுதான். அடைத்த ஏ.சி. அறைகளில் கரியமில வாயு கூடி பி.ஹெச். இறங்குவதுபோல் இங்கே இறங்காது.

லைட்

ஏ.ஐ. பிரைம் 16ஹெச்.டி. ஒன்று 59 வாட், இரண்டடிக்கு இரண்டடி இடத்தை நன்றாகக் காட்டும். 4 அடிக்கு இரண்டு வேண்டும். மென்பவளத்துக்கு 50 முதல் 100 பார் (பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும், எனவே இவை பாதி வேகத்தில்கூட ஓட வேண்டியிராது. நூப்சைக் போன்ற சீன விளக்குகளும் இந்த வேலைக்குப் போதும். வாங்கும்போது நீலமும் வயலட்டும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

தொட்டிக்கு 9, 10 அங்குலம் மேலே தொங்கவிட்டு, 30 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள். புது லைட்டை முதல் நாளே முழு வீச்சில் விட்டுப் பவளம் வெளுத்ததைச் சூட்டின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. உச்ச வெளிச்சத்தை மத்தியானம் வைக்க வேண்டாம். சாயங்காலம் 4-லிருந்து 9 வரை வையுங்கள். சில்லர் திணறும் 2, 3 மணிக்கு லைட்டின் சூடும் சேராது, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவரும் கண்ணாரப் பார்க்கலாம்.

டோசிங் பம்ப் கேட்பவர்களுக்கு

கால்சியம் முதலியவற்றை அளவாகத் தானே ஊற்றும் இந்தக் கருவி மென்பவளத் தொட்டிக்கு இன்னும் வேண்டாம். வாரம் 25 லிட்டர் மாற்றினாலே கால்சியமும் காரத்தன்மையும் நிற்கும். அந்தப் பணத்துக்கு ஹன்னா அளவுக் கருவிகள், ஹெச்.ஐ.772 காரத்தன்மைக்கு, ஹெச்.ஐ.774 பாஸ்பேட்டுக்கு வாங்குங்கள். கால்சியத்துக்கும் மெக்னீசியத்துக்கும் சலிஃபெர்ட் சோதனைக் கிட். குப்பிக் கண்ணாடியில் விரல் ரேகை இருந்தால் எண் மாறும், துடைத்துவிட்டு வையுங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச். (அதன் அளவுகோல்), கால்சியம் 420 பி.பி.எம். அருகில் நிற்கட்டும். காரத்தன்மை 1 டி.கே.ஹெச். குறைந்திருந்தால் 250 லிட்டருக்குச் சமையல் சோடா ஏழரை கிராம். பேக்கிங் பவுடர் இல்லை, தனிச் சோடா உப்பு. ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, ரிட்டர்ன் பம்ப் ஓடும் இடத்தில், இரண்டு நாளாகப் பிரித்து ஊற்றுங்கள்.

கல்போல் கூடு கட்டும் வன்பவளம் வைத்தால்தான் டோசிங் தேவைப்படும். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வன்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து "லைவ் ராக்" என்று மலிவாக வருவது அங்கே உடைத்த பவளப் பாறையாக இருக்கலாம். வாங்குவது குற்றம், கடலுக்கும் கேடு. வார்த்துச் செய்த காய்ந்த கல்லை வாங்கி, பாக்டீரியா ஊற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகும்வரை ஆறு வாரம் பொறுங்கள். கோமாளி மீனையும் கடலில் பிடித்ததாக இல்லாமல் குஞ்சு பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. தொட்டியில் பிறந்த மீன் பெல்லட் தீனியை முதல் நாளே எடுக்கும்.